பேக்கப் இருக்குன்னு நம்பாதீங்க, திருப்பிப் போட்டுப் பாருங்க

கிருஷ்ணகிரி பக்கம் சந்தூர்ல எங்க மாமா மாங்கன்னு நர்சரி வெச்சிருக்காரு, அவரு சைட்ட நான்தான் பாத்துக்கறேன். ஆனி மாசம், மழை ஆரம்பிச்சு கன்னு கேட்டு போன் வர்ற நேரத்துல ஒரு பிளகின் (சைட்டுக்கு கூடுதல் வசதி குடுக்கற சின்ன புரோகிராம்) அப்டேட் குடுத்தேன், சைட் வெள்ளையா நின்னுடுச்சு. சரி பேக்கப் இருக்கேன்னு தொறந்தா, ஹோஸ்டிங்ல (சைட்டுக்கு நாம வாடகைக்கு எடுக்கற சர்வர்) எடம் நெறஞ்சு பாதியிலயே நின்ன ஃபைல். பெங்களூரா, செந்தூரா, மல்கோவா வெலப்பட்டியல மாமா வாட்ஸ்அப்ல அனுப்புனத பாத்து மறுபடி டைப் பண்ணேன். அதனால இப்ப எப்படி பண்றேன்னு சொல்றேன், வேர்ட்பிரஸ் (சைட் கட்டற சாஃப்ட்வேர்), சிபேனல் (ஹோஸ்டிங்க நிர்வகிக்கற பக்கம்) வெச்சிருக்கறவங்களுக்கு.

மொதல்ல, சைட்னா ரெண்டு பங்கு. படம், தீம், பிளகின் எல்லாம் ஃபைலா இருக்கும். நீங்க எழுதினது, வெலை, செட்டிங் எல்லாம் டேட்டாபேஸ்ல. ஒண்ண மட்டும் எடுத்தா பாதி வீடுதான்.

டேட்டாபேஸுக்கு சிபேனல்ல பிஎச்பிமைஅட்மின் (டேட்டாபேஸ பாக்கற கருவி) தொறந்து, இடது பக்கம் உங்க டேட்டாபேஸ தொட்டு, எக்ஸ்போர்ட், எஸ்க்யூஎல், அவ்ளோதான். எறங்கின ஃபைல நோட்பேட்ல தொறந்து கடைசிக்குப் போங்க, கமிட் (COMMIT)னு ஒரு வரி இருக்கணும், நடுவாந்தரத்துல வெட்டுப்பட்டு நின்னா அந்த ஃபைல் செல்லாது.

ஃபைலுக்கு ஃபைல் மேனேஜர்ல பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டர ஜிப் பண்ணி எறக்குங்க. எறக்கினதும் அங்க இருக்கற ஜிப்ப அழிச்சிடுங்க, இல்லன்னா என்ன மாதிரி எடம் நெறையும்.

ரெண்டயும் உங்க லேப்டாப்ல ஒண்ணு, கூகுள் டிரைவ்ல ஒண்ணு வைங்க, ஹோஸ்டிங் அக்கவுண்ட்லயே மட்டும் வேணாம். 2021 மார்ச் 10ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச்ங்கற ஹோஸ்டிங் கம்பெனியோட டேட்டா சென்டர் எரிஞ்சப்ப, பேக்கப்பயும் அங்கயே வெச்சிருந்தவங்க ரெண்டயும் சேத்து எழந்தாங்க.

இப்ப முக்கியமானது, ரீஸ்டோர், அதாவது பேக்கப்ப திருப்பிப் போட்டுப் பாக்கறது. ஒரிஜினல் மேல கை வைக்காம ஒரு சப்டொமைன் (உங்க சைட் பேருக்கு முன்னாடி ஒரு சொல் சேத்த தனி முகவரி) போட்டு, புது டேட்டாபேஸ், அதுக்கு ஒரு யூசர் உண்டாக்கி, எஸ்க்யூஎல் ஃபைல இம்போர்ட் பண்ணுங்க, ஜிப்ப சப்டொமைன் ஃபோல்டர்ல விரிங்க. டபிள்யூபி கன்ஃபிக் (wp-config.php) ஃபைல்ல டேட்டாபேஸ் பேரு, யூசர், பாஸ்வேர்டு மூணையும் புதுசா மாத்துங்க. புது டேட்டாபேஸோட ஆப்ஷன்ஸ் டேபிள்ல சைட்யூஆர்எல் (siteurl), ஹோம் (home) ரெண்டு வரிலயும் சப்டொமைன் முகவரி போடணும், இத மறந்தா பழைய சைட்டுக்கே தள்ளிட்டுப் போயிடும், நான் அரை மணி நேரம் ஒரிஜினல பாத்துட்டே "ஆகா வந்துடுச்சு"ன்னு உக்காந்திருந்தேன்.

தமிழ் எழுத்தெல்லாம் ???? ன்னு வந்தா பதறாதீங்க, கன்ஃபிக்ல டிபி கேர்செட் (DB_CHARSET) யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4)னு இருக்கான்னு பாருங்க. அது சரியாகற வரைக்கும் எந்த போஸ்டயும் தொறந்து சேவ் பண்ணாதீங்க, கேள்விக்குறியே உள்ள போய் உக்காந்துக்கும்.

அமேசான் ஆர்டிஎஸ் மாதிரி கிளவுட் டேட்டாபேஸ் வெச்சிருந்தா தானா எடுக்கற பேக்கப் அதிகபட்சம் 35 நாள்தான் இருக்கும், நீங்களா எடுக்கற ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாபேஸோட முழு நகல்) நீங்க அழிக்கற வரைக்கும் இருக்கும். ரீஸ்டோர் பண்ணா பழசு மேல எழுதாது, புதுசா ஒரு டேட்டாபேஸ் வேற முகவரியோட வரும், சைட்ல அந்த முகவரிய மாத்தணும்.

ரீஸ்டோர் பண்ண சைட்ல முகப்பு வந்து உள்பக்கம் மட்டும் 404 (பக்கம் இல்லங்கற பிழை) காட்டினா, வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல பெர்மாலிங்க்ஸ் (பக்க முகவரி அமைப்பு) போய் ஒண்ணும் மாத்தாம சேவ் அமுக்குங்க, பெரும்பாலும் வந்துடும்.