டிஸ்க் பிரேக் பேட்டை வீட்டிலேயே மாற்றப் போகிறீர்களா? திருகோணமலைக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் இரவில் காரை வெளியே விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால், சில்லோடு சுற்றும் இரும்புத் தகடான டிஸ்க் முழுக்கச் செம்மஞ்சளாகக் கறள் படிந்திருக்கும். முதல் நாலைந்து பிரேக்கிலேயே அது தேய்ந்து போய்விடும். அதைப் பார்த்துப் பயந்து புது டிஸ்க் வாங்க ஓட வேண்டாம். பயப்பட வேண்டிய கறள் உள்ளே, டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தும் பேட்டுகளைத் தாங்கும் கலிப்பர் வழுக்கி ஓடும் இரண்டு ஸ்லைடர் பின்களில் இருக்கிறது.

பேட் ஏன் தேய்ந்தது என்று பாராமல் பேட்டை மட்டும் மாற்றுவதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். பெரும்பாலான சிறிய கார்களில் கலிப்பரின் ஒரு பக்கத்தில்தான் பிஸ்டன் உண்டு. அது உள்பக்கப் பேட்டைத் தள்ளும். அப்புறம் கலிப்பர் முழுவதும் பின்னில் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேட்டையும் டிஸ்க்கில் அழுத்தும். ஸ்லைடர் பின் இறுகிவிட்டால் உள்பேட் மட்டும் தேயும். சில்லின் இடைவெளியால் எட்டிப் பார்த்தால் தெரிவதோ வெளிப்பேட். அது தடிப்பாக இருப்பதைப் பார்த்து நாமும் நிம்மதியாகிவிடுவோம். எனக்கு அப்படித்தான் நடந்தது. வெளிப்பேட் பாதிக்கு மேல் இருந்தது, உள்பேட்டில் வெறும் இரும்புத் தகடுதான் மிச்சம். புதுப் பேட் போட்டேன், பின்னைத் தொடவே இல்லை. சில மாதத்தில் அதே பக்கத்தில் அதே கீச்சுச் சத்தம்.

பின் இரண்டும் வெறும் கையால் இழுத்தால் வர வேண்டும், தள்ளினால் போக வேண்டும். வராவிட்டால் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸைப் பூசுங்கள். வீட்டில் கிடக்கும் சாதாரண கிரீஸ் கூடாது, அது பின்னைச் சுற்றியுள்ள றப்பரை ஊத வைத்துப் பின்னை மறுபடி இறுக்கிவிடும். றப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அந்தக் கிழிசலால்தான் கடற்காற்றின் உப்பு உள்ளே போகிறது. சில கார்களில் இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது. எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

முற்றத்து மணலில் ஜக் போடுவது நம்மூருக்கே உரிய தவறு. தூக்கும்போது உறுதியாகத்தான் இருக்கும், நட்டோடு மல்லுக்கட்டும்போது மெதுவாகச் சரியும். சீமெந்துத் தரையில் நிறுத்தி, சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டைச் சற்று இளக்கி, பிறகு தூக்கி, ஸ்டாண்ட் வைத்துத்தான் கை வைக்க வேண்டும்.

கலிப்பரைக் கழற்றியதும் பிரேக் ஒயில் வரும் ஹோஸில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். தடித்த புதுப் பேட்டுக்கு இடம் விடப் பிஸ்டனை உள்ளே தள்ள முன் பிரேக் ஒயில் டப்பாவைப் பாருங்கள், நிரம்பியிருந்தால் பொங்கி வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். பின்சில்லிலும் டிஸ்க் உள்ள பல கார்களில் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே அனுப்பலாம், அழுத்தினால் உடையும். டொயோட்டாவின் ஹைபிரிட் கார்களான அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக இயங்கக்கூடும். கலிப்பர் கழன்று கிடக்கும்போது அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், விரலும் போகலாம். காரை அணைத்து, சில நிமிடம் விட்டு, 12 வோல்ட் பேட்டரி வயரைக் கழற்றிய பிறகே தொடங்குங்கள்.

புது டிஸ்க் போட்டும் பெடல் துடிக்கிறதா? பலர் டிஸ்க்கைத்தான் குறை சொல்வார்கள். டிஸ்க் போய் உட்காரும் ஹப் முகத்தில் ஒரு துளி கறள் இருந்தாலே அது கோணலாகச் சுற்றும். வயர் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். புது டிஸ்க்கில் கறள் பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயையும் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். பழைய டிஸ்க்கையே போடுவதென்றால், அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பை அளந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். சில்லைப் பூட்டும்போது நட்டை எதிரெதிராக இறுக்குங்கள். டொயோட்டாவின் பல சிறிய கார்களுக்கு இறுக்க அளவு 103 நியூட்டன் மீட்டர்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். நீர் சேர்ந்த நிலையில் அந்த அளவு 140. ஆகவே போன வருடம் திறந்து பாதியில் விட்ட போத்தலை ஊற்ற வேண்டாம்.

எல்லாம் பூட்டியாயிற்று, ஸ்டார்ட் செய்து கிளம்பலாம் என்று நினைக்கிற நொடிதான் ஆபத்து. பிஸ்டன் உள்ளே போய் நிற்பதால் முதல் மிதியில் பெடல் தரைக்கே போகும். என் கார் படலையைத் தள்ளிக்கொண்டு போய் மதிலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது, அதுவும் ஹேண்ட் பிரேக்கால். நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டுத்தான் காரை நகர்த்த வேண்டும். மிதித்தும் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று. காரை எடுக்காதீர்கள்.

புதுப் பேட் படிய, வெறிச்சோடிய நேரத்தில் நிலாவெளி வீதியில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் எட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். மான் குறுக்கே வரும் கோட்டைப் பாதை இதற்கு வேண்டாம். திரும்பி வந்ததும் முன்சில்லு இரண்டின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட்டுவிடாமல். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் ஏழு சூட்டில் இருக்கலாம், இந்த இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் சில்லை மறுபடி கழற்றி, அந்தப் பின்னை இன்னொரு தடவை இழுத்துப் பாருங்கள்.