மலையேறும் பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் தகராறு: கியர்பாக்ஸைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மேட்டுப்பாளையம் வரை ஒழுங்காக ஓடிய கார், பர்லியார் தாண்டியதும் மூன்றாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் மாறி மாறித் தாவுகிறதா? சந்தேகத்தை முதலில் மலை மேல் வையுங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு 300 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்த உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். நீங்கள் கூடுதலாக மிதிக்கிறீர்கள், கியர் கீழே வருகிறது. வேகம் பிடித்ததும் மேலே போகிறது. இழுக்க முடியாமல் திரும்ப இறங்குகிறது. ஓவர்டிரைவ் (O/D) எனும் மேல் கியர் பட்டனை அணைத்தோ, லீவரை 3 அல்லது 2-க்குக் கொண்டுவந்தோ ஓட்டுங்கள். தாவல் நின்றால் பழுது ஒன்றும் இல்லை. இன்ஜின் மட்டும் அலறி, வண்டி அந்த அளவுக்கு நகரவில்லை என்றால் அது வழுக்கல். அதுதான் உண்மையான வியாதி.

இங்கே சொல்வதெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) உள்ள கியர்பாக்ஸுக்கு. ஏஎம்டி, சிவிடி என்ற மற்ற வகை ஆட்டோமேட்டிக்குகளின் கதை வேறு.

கியர்பாக்ஸ் ஆயிலில் தொடங்குங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபடும். 15, 20 கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றி, மட்டமான தரையில் நிறுத்த வேண்டும். நம் ஊரில் மட்டமான தரை கிடைப்பதே பெரும்பாடு. வீட்டு வாசல் சரிவில் பார்த்த அளவை நம்பவே கூடாது. பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் பி-யில் (பார்க்) விடுங்கள். பழைய ஹூண்டாய், டொயோட்டா வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவுக் குச்சி) எடுத்துப் பார்ப்பது வழக்கம். ஹோண்டாவில் இன்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இந்த முறையை மாற்றிச் செய்துவிட்டு அளவு கூடுதல், குறைவு என்று குழம்புபவர்கள் நிறைய. வண்டியின் கையேடு சொல்வதே முடிவு.

அளவு குறைந்திருந்தால் அறிகுறி கொண்டை ஊசி வளைவில்தான் முதலில் தெரியும். வண்டி சாய்ந்து ஏறித் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, அழுத்தம் விழுகிறது, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன. நேர் ரோட்டுக்கு வந்ததும் சரியாகிவிடும். கியர்பாக்ஸ் ஆயில் இன்ஜின் ஆயில்போல எரிந்து குறைவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. கூலர் ஹோஸ், அடியில் இருக்கும் ஆயில் பேன் (pan) கேஸ்கட், ஆக்ஸில் சீல், இந்த மூன்றையும் பாருங்கள். ஊற்றும்போது 100, 200 மில்லியாக ஊற்றி அளந்துகொண்டே போங்கள். அதிகமானாலும் ஆயில் நுரைத்து அதே வழுக்கல் வரும்.

அடுத்தது நிறமும் வாசனையும். டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டு ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. பழுப்பு என்றால் மாற்றும் காலம். நடுவில் கறுப்புப் பொடி தங்கி, கருகிய நெடி அடித்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. புது ஆயில் அதைத் திருப்பித் தராது. மலையிலிருந்து கீழே இறங்கிய கையோடு மட்டும் மோந்து பார்க்காதீர்கள். பிரேக் பேட் தீய்ந்த நெடியை கியர்பாக்ஸ் நெடி என்று நினைத்துச் செலவு இழுத்துவிட்டவர்கள் உண்டு. ஆயில் ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டவே கூடாது.

மாற்றும்போது கையேட்டில் போட்டிருக்கும் ஆயிலே வேண்டும்: எஸ்பி-3, டைப் டி-4, டெக்ஸ்ரான் 3, ஹோண்டாவின் டிடபிள்யூ-1 என ஒவ்வொன்றும் தனி. டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் வெளியே வரும்; மிச்சம் கன்வெர்ட்டருக்குள் நிற்கும். வந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, இன்னும் இரண்டு முறை அப்படியே செய்யுங்கள். வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. இரும்புச் சில்லுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. மிஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்வது ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாத கியர்பாக்ஸுக்கு ஆபத்து. கிளறப்பட்ட கசடு, ஆயிலைப் பங்கிட்டுக் கியரை மாற்றும் வால்வ் பாடியின் சின்னத் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஆயில் சரியாக இருந்தும் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு ஓடினால், அது கியர்பாக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ளும் தற்காப்பு நிலை. ஹோண்டாவில் டி (டிரைவ்) விளக்கு மினுக்கும். பழுது எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பி 0700 வந்தால், கியர்பாக்ஸ் கணினியில் வேறு பழுது எண் இருக்கிறது என்றுதான் பொருள். அதையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். 0715, 0720 என்றால் வேக சென்சார், 0750 என்றால் ஷிஃப்ட் சொலினாய்டு (கியரை மாற்றும் மின் வால்வ்). பார்ட்ஸ் வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். மழையும் மூடுபனியும் உள்ள ஊரில் அது சகஜம். பேட்டரி வோல்டேஜ், எர்த் வயர் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

கணினிக்கு முந்தைய பழைய கியர்பாக்ஸில் த்ராட்டில் கேபிள் ஒன்று இருக்கும். தளர்ந்தால் கியர் சீக்கிரம் மாறி வழவழவென்று இருக்கும், இறுகினால் தாமதமாக இடித்து மாறும்.

ஜனவரி காலையில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருக்கும்போது, டி போட்டதும் ஓரிரு நொடி தாமதமாகக் கடிப்பது ஆயில் கெட்டிப்பட்டதால். சூடான பிறகும் அந்தத் தாமதம் இருந்தால் உள் சீல் இறுகியிருக்கலாம்.

வண்டியை நகர விடாமல் பிடித்து இன்ஜின் எத்தனை ஆர்பிஎம் போகிறது என்று பார்க்கும் ஸ்டால் டெஸ்ட் செய்வதானால் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, முன்னால் ஆள் இல்லாமல், ஹேண்ட்பிரேக்கும் கால் பிரேக்கும் முழுசாகப் பிடித்து, டி-யில் ஐந்து நொடிக்கு மேல் போகாமல் முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் கையேட்டின் அளவைத் தாண்டினால் வழுக்கல். ஊட்டியில் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், உயரத்தில் இன்ஜின் அவ்வளவுதான் தரும்.

சரிவில் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது லீவர் இறுகி, ‘டொக்’ என்று ஒரு வெட்டு வெட்டினால் அதற்கு மெக்கானிக் தேவையில்லை. வண்டியின் பாரம் பி-யில் இருக்கும் சின்னக் கொக்கியில் தொங்கியிருக்கிறது. இனி பிரேக்கில் நிறுத்தி, நியூட்ரல் (N) போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மெல்ல விட்டுப் பாரம் ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்த பிறகு மறுபடி மிதித்து பி போடுங்கள்.

வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பம்ப் சுற்றாது, உள்ளே ஆயில் போகாது. மேட்டுப்பாளையம் வரை இழுத்துக்கொண்டு போனால் பிழைத்திருந்த கியர்பாக்ஸும் போய்விடும். முழு வண்டியையும் ஏற்றும் பிளாட்பெட் லாரிக்குச் சொல்லுங்கள்.