கோட் ரிவியூ: சிறிய குழுக்கள் சறுக்கும் இடங்கள்

கோட் ரிவியூ என்றால் ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் வாசித்து அப்ரூவ் (ஒப்புதல்) கொடுப்பது; அதன் பிறகுதான் அது பொதுக் கோடுடன் மேர்ஜ் ஆகும், அதாவது சேரும். திருகோணமலையில் இருந்துகொண்டு லண்டன் வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் ஐந்து பேர் கொண்ட குழு, "இரண்டு பேர் அப்ரூவ் பண்ணாமல் மேர்ஜ் இல்லை" என்று சட்டம் போடுகிறது. பெரிய நிறுவனங்களைப் பார்த்து எடுத்த முடிவு. எழுதியவரைக் கழித்தால் மிச்சம் நால்வர். ஒருவர் லீவில் நின்றால், இன்னொருவருக்கு அந்தப் பகுதி தெரியாவிட்டால், இருக்கிற இருவரும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். மூன்றாம் நாள் யாரோ வாசிக்காமலே அப்ரூவை அழுத்துவார்.

எத்தனை பேர் என்பதைவிட யார் என்பதுதான் முக்கியம். சாதாரண மாற்றத்துக்கு ஒருவர் போதும். பணம், லொகின், தரவுத்தளம் தொடும் மாற்றத்தை அந்தப் பகுதி தெரிந்தவர் பார்த்தே ஆக வேண்டும். கோடை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இதற்குக் கோட்ஓனர்ஸ் கோப்பு உண்டு; எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு (ஓனர்) என்று எழுதும் இடம் அது. பலர் அதில் பெயரை எழுதுவதோடு விட்டுவிடுகிறார்கள். மேர்ஜுக்கு நிபந்தனை போடும் அமைப்பான பிராஞ்ச் பாதுகாப்பில் ஓனர் ரிவியூவைக் கட்டாயமாக்காவிட்டால் அவருக்கு அறிவித்தல் மட்டும் போகும். அவர் பார்க்காமலே மேர்ஜ் செய்துவிடலாம்.

எல்லாவற்றையும் மூத்தவர் தலையில் கட்டுவதும் தவறு. புதியவர் முதலில் பார்த்துக் கருத்து எழுதட்டும், மூத்தவர் பிறகு பார்க்கட்டும். புதியவர் தவறவிட்டது எது என்று அங்கேயே தெரிந்துவிடும். சில மாதங்களில் அந்தப் பகுதி தெரிந்தவர்கள் இருவராகிவிடுவார்கள்.

நேரத்தைக் கணக்கில் எடுக்காத முறை எதுவும் இங்கே நிற்காது. லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குப் பகல் 1.30, அங்கே குளிர்காலம் என்றால் 2.30. நாம் மாலை 5.30க்கு வேலையை முடித்து எழும்பினால் இரு பக்கமும் ஒன்றாக இருப்பது நான்கு அல்லது மூன்று மணித்தியாலம். மாலை 5 மணிக்குப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறந்தால், அங்கிருந்து வரும் கேள்விக்கு மறுநாள் காலை பதில் எழுதுவோம்; அவர் அதைப் பகலில்தான் பார்ப்பார். ஒரு கேள்விக்கு ஒரு நாள். பகல் 12 மணிக்கு முன் திறந்தால் அன்றைக்கே இரண்டு மூன்று சுற்றுப் பேசலாம். போயா (பௌர்ணமி) தினத்தில் நாம் லீவு, அவர்கள் வேலை. முதல் நாளே சொல்லி வையுங்கள்.

ஒருவர் ஒரே அமர்வில் ஒழுங்காக வாசிக்கக்கூடியது 200 முதல் 400 வரிகள்தான்; ஒரு மணித்தியாலம் தாண்டினால் கண் சும்மா ஓடும். 1,500 வரியை ஒரேயடியாக அனுப்பினால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அதிலும் மோசமானது, கோடில் உள்ள பெயர்களை மாற்றுவதையும் லொஜிக் (கோட் செய்யும் வேலை) மாற்றத்தையும் கலப்பது. நாற்பது கோப்புகள் சிவப்பும் (நீக்கிய வரி) பச்சையுமாகத் (சேர்த்த வரி) தெரியும், உண்மையான இரண்டு வரி அதற்குள் ஒளிந்துவிடும். பெயர் மாற்றம் தனி, தரவுத்தள மாற்றம் தனி, அதன் பிறகு லொஜிக், கடைசியில் திரை.

இடைவெளி, அடைப்புக்குறி பற்றி மனிதர் வாதாட வேண்டாம். கோடைத் தானாகச் சீராக்கும் பிரெட்டியரும், பிழை காட்டும் ஈஎஸ்லிண்டும் பார்த்துக்கொள்ளும்.

திருகோணமலை உவர்மலையில் ஒரே அறையில் இருக்கும் இருவர் பக்கத்தில் உட்கார்ந்து ரிவியூ செய்வது வேகமான வழி, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேசி முடித்ததை இரண்டு வரியில் புல் ரிக்வெஸ்டில் எழுதாவிட்டால், லண்டனில் இருப்பவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்.

கடைசியாக, பிராஞ்ச் பாதுகாப்பில் ஓர் அமைப்பு: அப்ரூவ் கிடைத்த பிறகு புதுக் கமிட் (சேமித்து அனுப்பிய மாற்றம்) வந்தால் பழைய அப்ரூவ் செல்லாது என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் யாரும் பார்க்காத கோட் அப்ரூவோடு உள்ளே போய்விடும்.