லீவில் பாஸ்போர்ட் வேலை, அதே நாளில் வேடந்தாங்கல்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு லீவில் வருகிறவர்களுக்குப் பாதி நாட்கள் கல்யாணம், காதுகுத்து, பல் டாக்டர் என்று ஓடிவிடும். ஊர் சுற்றுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பார்கள். அந்த வாரம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். என்னைக் கேட்டால், ஆபீஸ் அலைச்சல் இருக்கிற நாளையே சுற்றுகிற நாளாக வைத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் புதுப்பிப்பு அதற்குத் தோதான வேலை. முதல் தடவை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன் கேட்க வேண்டியது

காலாவதிக்கு ஓராண்டு இருக்கும்போதே புதுப்பிக்கலாம். பல நாடுகள் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்பதால், கடைசி வரை இழுக்க வேண்டாம். புதிய புத்தகத்தில் எண் மாறிவிடும். அதனால் பழைய எண்ணில் இருக்கும் விசாவுடன் திரும்பி நுழைய முடியுமா என்று உங்கள் கம்பெனியில் முதலில் கேட்டுவிடுங்கள். சிக்கல் என்றால் அங்கேயே தூதரகம் மூலம் முடித்துக்கொள்வது நல்லது.

2. விண்ணப்பம்

வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவா தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே சாயலில் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. முகவரி ஜிஓவி.இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். கட்டணம் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கல் என்றால் கூடுதலாக 2,000. அடிக்கடி விசா முத்திரை விழுகிறவர்கள் 60 பக்கமே வாங்குங்கள்.

கவனம் தேவைப்படுவது முகவரியில்தான். போலீஸ் விசாரணை வந்தாலும், தபால் வந்தாலும் அந்த வீட்டுக்குத்தான் வரும். நீங்கள் அண்ணா நகரில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் மேடவாக்கம் ஃபிளாட்டின் முகவரியைக் கொடுத்தால் பிறகு வாட்ச்மேனுக்கு போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வீட்டில் இருக்கப் போகிறீர்களோ, அதற்கான முகவரிச் சான்றுடன் அதையே கொடுங்கள். இங்கே வேலை செய்யும் செல் நம்பரும் வேண்டும்.

3. ஸ்லாட்

சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என மூன்று சேவை மையங்கள். 2018 முதல் நாட்டின் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம் என்பதால் வீடு எங்கே என்பது பொருட்டில்லை. தாம்பரத்தில் காலை ஸ்லாட் எடுங்கள். வேலை முடிந்து வெளியே வந்தால் வேடந்தாங்கல் பக்கம் போகும் ஜிஎஸ்டி ரோடு. சாலிகிராமத்தில் முடித்துவிட்டு வடபழனி நெரிசலைத் தாண்டுவதற்குள் சுற்றுகிற ஆசையே போய்விடும்! நாள் ஒத்துவரவில்லை என்றால் ஸ்லாட்டை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஓராண்டுக்குள் மூன்று முறைதான்.

4. உள்ளே

கால் மணி நேரம் முன்னால் போனால் போதும். அசல் ஆவணங்கள், கையெழுத்திட்ட ஜெராக்ஸ், பழைய பாஸ்போர்ட் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ அங்கேயே எடுப்பார்கள். பின்னணி வெள்ளை, எனவே வெள்ளைச் சட்டை வேண்டாம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் ஏ, பி, சி என்ற வரிசையில் கவுன்டர்கள் அழைக்கும்.

ஏ கவுன்டரில்தான் நிதானம் வேண்டும். போட்டோ, கைரேகை எல்லாம் முடிந்ததும் உங்கள் விவரங்களைத் திரையில் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் தலைவலி. அப்பா பெயர் முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, விசாவில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். பி, சி இரண்டிலும் அரசு அதிகாரிகள் இருப்பார்கள், கேட்டதைக் காட்டினால் போதும். பழைய பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். விசா இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். புதியது வரும்வரை நீங்கள் வெளிநாட்டு விமானம் ஏற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

5. ஏரிக்கரை

தாம்பரத்திலேயே சாப்பிட்டுவிட்டு நேராகத் தெற்கே விடுங்கள். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, அப்புறம் பாலாற்றுப் பாலம். படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல். காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல சீசன். நாலு மணிக்கு மேல் கரையில் நில்லுங்கள். இரை தேடப் போன நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டம் கூட்டமாக இறங்கும். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இலையைவிட இறக்கைதான் அதிகமாகத் தெரியும். பாம்புத்தாரா ஒன்று கிளையில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், துணி உலர்த்துகிற மாதிரியே இருக்கும்.

இந்த ஊர்க்காரர்களும் ஒரு காகிதத்துக்காகக் கலெக்டர் ஆபீஸ் ஏறியவர்கள்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் தங்கள் வயலுக்கு உரம் என்று செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பாதுகாப்புக்குக் கவுல் என்ற எழுத்துப்பூர்வ உறுதி வாங்கினார்கள். பக்கத்து மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிற கலெக்டரும் இவர்தான்.

கோடை லீவில் வருகிறவர்கள் வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு வழியாக மாமல்லபுரம் போகலாம். சிற்பங்களை மாலை 6 மணி வரைதான் பார்க்க முடியும். வீட்டில் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்கள் இருந்தால் அதை மறக்க வேண்டாம். இந்தியர்களுக்கான டிக்கெட் விலையே அவர்களுக்கும்.

6. அதற்குப் பிறகு

புதுப் புத்தகம் கைக்கு வரும்வரை ஊட்டி, கொடைக்கானல் என்று நாள்கணக்கில் போகாதீர்கள். போலீஸ் வரும்போது ஆள் இல்லையென்றால் சாதகமில்லாத அறிக்கை போய்விடலாம். ஸ்பீடு போஸ்டையும் அடையாள அட்டையைப் பார்த்து உங்கள் கையில்தான் கொடுப்பார்கள், அம்மா கையெழுத்துப் போட்டு வாங்க முடியாது. செல்லில் டிராக்கிங் எண் வந்துவிட்டால் அன்றிலிருந்து வீட்டிலேயே இருங்கள். கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, புதிய எண்ணை முதலில் கம்பெனிக்கும் அடுத்து டிக்கெட் எடுத்த இடத்துக்கும் தெரிவியுங்கள்.