சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இன்டர்ன்ஷிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாண்டு சட்டப்படிப்பு என்றால் மொத்தம் 12 வாரம், ஐந்தாண்டு என்றால் 20 வாரம் பயிற்சி முடிக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அதனால் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வரும் மாணவர்கள் ஒரு மாதத்துக்குள் இடத்தைப் புரிந்துகொண்டு, வேலை பழகி, கிளம்பியும் விடுகிறார்கள். அடுத்த அணி வந்ததும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் பேனல் வக்கீலாக அங்கே போய்வரும் நான் பார்ப்பது அதே தவறுகளைத்தான். நாங்கள் மாணவர்களாக வந்த காலத்திலும் இவை இருந்தன. நேரத்துக்கு வருவது, போனை அமைதியில் வைப்பது போன்றவை உங்களுக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

"வருமானச் சான்று வாங்கிட்டு வாங்க"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

வரவேற்பு மேசையில் சட்டத் தன்னார்வலர் பக்கத்தில் உங்களை உட்கார வைப்பார்கள். அவர் டீ குடிக்கவோ ஃபைல் எடுக்கவோ எழுந்து போயிருப்பார். அந்த நேரம் பார்த்து ஒருவர் மஞ்சள் பையில் காகிதங்களோடு வந்து நிற்பார். இலவச சட்ட உதவி ஏழைகளுக்கு, ஏழை என்பதற்குச் சான்று வேண்டும் என்று உங்கள் மனதில் ஒரு கணக்கு இருக்கும். உடனே வருமானச் சான்று கேட்பீர்கள்.

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் 12ஆவது பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலை போன்ற தொழில் நிறுவனங்களின் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், ஆள் கடத்தலுக்கு ஆளானவர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. இவர்களுடைய வருமானத்தை அந்தப் பிரிவு கேட்கவே இல்லை. வருமான வரம்பு இந்த வகைகள் எதிலும் வராதவர்களுக்கு மட்டும்தான். அவர்களுக்கும் 13ஆவது பிரிவு வழிவிடுகிறது. வருமானம் இவ்வளவு என்று மனுதாரர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அதை நம்பாமலிருக்க ஆணைக்குழுவுக்குக் காரணம் இல்லாதவரை, அதுவே போதும் என்று கொள்ளலாம். ஆக, வாசலில் நிற்பவரைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய தேவை அநேகமாக யாருக்கும் வருவதில்லை.

அனுப்பினால் என்ன ஆகும் என்று ஒருமுறை நேரில் பார்த்தேன். வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மா. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு ஈடாக ஒருவர் தந்த செக், பணமில்லை என்று வங்கியிலிருந்து திரும்பிவிட்டது. செக் திரும்பியதற்கு வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோவும் கையில் இருந்தது. மேசையில் இருந்த மாணவி பணிவான பெண். "வருமானச் சான்று ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்கம்மா, அது இல்லாம மனு எடுக்க மாட்டாங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த அம்மாவும் "சரிம்மா" என்று திரும்பிவிட்டார். இ-சேவை மையம், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று அலைந்து சான்றோடு அவர் மறுபடி வந்தபோதுதான் அந்த மெமோவை நான் பார்த்தேன்.

செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு. நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி நீதிமன்றத்திடம் பொறுத்துக்கொள்ளக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதமானால் அப்படிக் கேட்க வழி கிடையாது. செக் காலாவதியாகாமல் இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, புதிதாகத் திரும்பும் மெமோவை வைத்து நோட்டீஸ் கொடுக்கலாம். அந்த அம்மா கொண்டுவந்த செக்கின் தேதிக்கு மூன்று மாதமும் தாண்டியிருந்தது. குற்ற வழக்கு போடும் வழி அடைபட்டுவிட்டது. பணத்தை வசூலிக்க சிவில் வழக்கு போடலாம். ஆனால் செக் வழக்கு என்றால் எதிராளிக்கு வரும் பயம் அதில் வருவதில்லை. தேவையே இல்லாத ஒரு சான்றுக்காக அவர் அலைந்த நாட்கள்தான் அந்தக் கெடுவைத் தின்றுவிட்டன. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த மாணவியை நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்லுங்கள். கதையைக் கேட்கும் முன்பே கையிலிருக்கும் காகிதங்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் தேதியைத் தேடுங்கள். எதிர்த்தரப்பு வராததால் ஒருதலையாக வந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்றால் அதை நீக்கக் கோர 30 நாள். குற்றத் தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். கடனுக்கு ஈடு வைத்த சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி வீட்டைக் கைப்பற்றியிருந்தால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள். இவற்றில் சிலவற்றுக்குத் தாமதத்தைப் பொறுக்கும் வழி உண்டுதான். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். மனுவின் மேல்மூலையில் கெடு தேதியைச் சிவப்பு மையில் எழுத வேண்டியது நீங்கள்.

எழுதத் தெரியாதவர் என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். அன்றைக்கே அதைச் செயலாளரின் பார்வைக்கு அனுப்புங்கள். அந்தச் செயலாளர் ஒரு நீதிபதி. தகுதி உண்டா இல்லையா என்பது அங்கே முடிவாக வேண்டியது. விடுபட்ட காகிதம் பிறகு வந்து சேரட்டும். மனு வாங்காமல், பெயர்கூட எழுதாமல் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவர் வந்ததற்கே சாட்சி இருக்காது. கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒருநாள் கூலியை விட்டு வந்தவர் மறுபடி வருவார் என்று எண்ணாதீர்கள். பலர் வருவதில்லை.

மக்கள் நீதிமன்றத்தில் "சம்மதிச்சுடுங்க" என்பது

வழக்குகளைச் சமரசத்தில் முடிக்கும் மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் உங்களை ஏதாவது ஓர் அமர்வில் உதவிக்குப் போடுவார்கள். எத்தனை வழக்கு முடிந்தது என்ற எண்ணிக்கை அன்றைக்குப் பெரிதாகப் பேசப்படும். அந்த வேகம் உங்களையும் பிடித்துக்கொள்ளும். விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு பாட்டியிடம், "வாங்கிக்கோங்க பாட்டி, இல்லன்னா இன்னும் பத்து வருஷம் ஆகும்" என்று ஒரு மாணவர் சொன்னதைக் கேட்டேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அங்கே பிறப்பிக்கும் தீர்வு அதே 1987 சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போட்ட பிறகு தொகை குறைவு என்று தோன்றினால் யாரிடமும் போக முடியாத நிலைதான்.

பாட்டியிடம் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம். சம்மதித்தால் அதுவே கடைசி. சம்மதிக்காவிட்டால் வழக்கு செத்துப்போகாது. பழைய நீதிமன்றத்துக்கே திரும்பி, விட்ட இடத்திலிருந்து நடக்கும். தொகை சரியா என்று அவருடைய வக்கீல் சொல்லட்டும்.

சிறையில் வாக்குக் கொடுப்பது

கிளைச் சிறைக்குப் போகும்போது விசாரணைக் கைதிகள் உங்களையும் வக்கீல் என்றே நினைப்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவைப் படித்துவிட்டு வரும் மாணவர்கள், "மூணுல ஒரு பங்கு முடிஞ்சாச்சுன்னா வெளிய வந்துடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு. மற்றவருக்குப் பாதி. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் என்றால் இந்தச் சலுகையே இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இல்லை. உள்ளே இருப்பவர் உங்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரமே வந்துவிடுவேன் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். குற்ற எண், பிரிவுகள், கைதான தேதி, வேறு வழக்கு உண்டா என்பவற்றை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

குழந்தைகள் இல்லத்தில் படம்

எடுக்கவே எடுக்காதீர்கள். லிங்க்டின் பதிவு, கல்லூரிக்கான பயிற்சி அறிக்கை எதிலும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி, ஊர் வரக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவில் இதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு.

உடை

வெள்ளைச் சட்டை, கறுப்பு கோட்டு, கறுப்பு டை. கழுத்துப் பட்டையும் கவுனும் வழக்கறிஞராகப் பதிவு செய்த பிறகு.

ஒப்படைக்காமல் கிளம்புவது

கடைசி நாளில் சான்றிதழில் கையெழுத்து வாங்கும் பரபரப்பில், நீங்கள் எழுதி வாங்கிய மனுக்கள் உங்கள் நோட்டிலும் போனிலுமே தங்கிவிடும். அதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: மனுதாரர் பெயர், ஊர், தொடர்பு எண், அவர் வந்த தேதி, கெடு முடியும் தேதி, ஃபைல் இப்போது யார் கையில் இருக்கிறது. ஒரு பிரதி சட்டத் தன்னார்வலருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. கெடு நெருங்கும் மனு இருந்தால், அந்த வழக்கை எடுத்திருக்கும் பேனல் வக்கீலையும் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். பிறகு உங்கள் போனிலிருக்கும் மனுதாரர்களின் காகிதப் படங்களை அழித்துவிடுங்கள்.