கிட்டார் கார்டு தியரி: ஆரம்பத்திலேயே விட்டுவிட வேண்டிய தவறுகள்

நகம் வெட்டாமல் வருவது, ட்யூன் பண்ணாமல் வாசிக்க ஆரம்பிப்பது, ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விட்டுத் தள்ளி விரல் வைப்பது, இதெல்லாம் இங்கே வராது. அவை தப்பாக இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும், கொஞ்ச நாளில் தானாகவே சரியாகிவிடும். நான் சொல்லப்போவது, சத்தம் நன்றாகவே வந்துகொண்டிருக்கும்போது உள்ளே ஒளிந்திருக்கும் தவறுகளைப் பற்றி. புதிதாகக் கிட்டார் எடுக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, நாங்கள் பழகிய காலத்தில் விழுந்த அதே பள்ளத்தில் அவர்களும் வரிசையாக விழுவதைப் பார்க்கிறேன். இப்போது எந்தப் பாட்டுக்கும் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஃபோனில் கிடைத்துவிடுவதால் விழுவது இன்னும் சுலபமாகியிருக்கிறது.

வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்வது

இந்த ஒன்றை நினைத்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும். சி மேஜர் என்றால் என்ன என்று கேட்டால், “மோதிர விரல் இங்கே, நடுவிரல் இங்கே, ஆள்காட்டி விரல் இங்கே” என்று கையைக் காட்டுவார்கள். அந்தக் கார்டுக்குள் எந்த ஸ்வரங்கள் இருக்கின்றன என்று கேட்டால் பதில் வராது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் வாசித்தவர்களிடமும் வராது.

என்னிடம் பழகிய ஒரு பையன் கல்லூரி விழாவுக்கு ஒரு பாட்டு தயார் செய்தான். நாலே கார்டு: சி, ஏ மைனர், எஃப், ஜி. நண்பன் பாடுவதாக ஏற்பாடு. கடைசி ஒத்திகைக்கு நண்பன் வரவில்லை, பதிலுக்கு ஒரு பெண் பாட ஒப்புக்கொண்டாள். கர்நாடக சங்கீதம் கற்றவள், “எனக்கு 5 கட்டை சரியா இருக்கும்” என்றாள். கட்டை என்பது பாடுகிறவரின் சுருதியைச் சொல்லும் அளவு, 5 கட்டை என்றால் ஜி. அந்த நாலு கார்டும் ஜி, ஈ மைனர், சி, டி என்று மாறவேண்டும், அவ்வளவுதான். நாலும் அவனுக்குத் தூக்கத்தில் வாசிக்கத் தெரிந்த கார்டுகள், ஆனால் எது எதுவாக மாறும் என்று தெரியவில்லை. ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பித்தான், ஒத்திகை நேரம் முடிந்துபோனது, அந்தப் பாட்டையே நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கை தயாராக இருந்தும் ஒருவன் மேடை ஏறாமல் திரும்பியதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய விஷயம் அது.

அந்த அரை மணி நேரப் பாடத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கிட்டாரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளை மெல்லிய பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஐந்தாம் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் சி. அதே கம்பியில் நாலு ஃப்ரெட் மேலே (கிட்டாரின் உடல் பக்கமாக) போனால் ஏழாவது ஃப்ரெட், அது ஈ. இன்னும் மூன்று ஃப்ரெட் போனால் பத்தாவது, அது ஜி. சி, ஈ, ஜி, இந்த மூன்றும் சேர்ந்தால் சி மேஜர். நீங்கள் ஐந்து கம்பியில் வாசிக்கும் ஓப்பன் கார்டில் (சில கம்பிகளை விரல் வைக்காமல் விட்டு வாசிப்பது) இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை: தடிமனான பக்கத்திலிருந்து சி, ஈ, ஜி, சி, ஈ. இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள், முதலில் மூன்று ஃப்ரெட், அப்புறம் நாலு. மூன்றாவது, ஆறாவது, பத்தாவது. அது சி மைனர். தொடக்கமும் முடிவும் மாறவில்லை, நடுவில் இருப்பது ஒரு ஃப்ரெட் இறங்கிவிட்டது. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம்: ச, அந்தர காந்தாரம், ப என்றால் மேஜர், காந்தாரம் சாதாரணமானால் மைனர்.

இது புரிந்ததும் ஓப்பன் கார்டுகளைப் போய்ப் பாருங்கள். ஈ மேஜரிலிருந்து ஈ மைனருக்கு மூன்றாம் கம்பியிலிருந்து ஆள்காட்டி விரலை எடுத்தால் போதும். ஏ மேஜரில் இரண்டாம் கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் இருக்கிறது, ஏ மைனரில் முதல் ஃப்ரெட்டுக்கு வருகிறது. டி மேஜரில் முதல் கம்பியில் இதேதான் நடக்கிறது. ஆறு தனித்தனி வடிவங்கள் என்று மனப்பாடம் செய்தவை மூன்றுதான், ஒவ்வொன்றிலும் காந்தாரம், அதாவது அந்த நடு ஸ்வரம், எந்தக் கம்பியில் இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற மூன்றும் கையில் வந்துவிடும். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது ஏன் ஒரே ஒரு விரல் நகர்கிறது என்பதும் இங்கேதான் விளங்கும். சி, ஈ, ஜி-யில் ஜி போய் ஏ வருகிறது, மற்ற இரண்டும் பொது.

அடுத்தது எண். சி மேஜர் ஸ்கேலில் (சி-யில் தொடங்கும் ஏழு ஸ்வர வரிசை) ஒவ்வொரு ஸ்வரத்திலிருந்தும் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஸ்வரங்களை எடுத்தால் ஏழு கார்டுகள் கிடைக்கும். 1, 4, 5 மேஜர். 2, 3, 6 மைனர். 7 டிமினிஷ்ட், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். எந்த மேஜர் ஸ்கேல் எடுத்தாலும் இந்த வரிசை மாறாது. அந்தப் பையனின் பாட்டு உண்மையில் 1, 6, 4, 5. ஜி-யில் எண்ணினால் ஜி, ஈ மைனர், சி, டி. பாடுகிறவர் 4½ கட்டை கேட்டால் அது எஃப் ஷார்ப் (எஃப்-க்கு ஒரு ஃப்ரெட் மேலே), ஓப்பன் கார்டில் வராது, அப்போது நாலாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு டி, பி மைனர், ஜி, ஏ வடிவங்களை வாசிக்கலாம். ஆகவே புதுப் பாட்டு ஒன்று எடுக்கும்போது கார்டு பெயருக்குக் கீழே பென்சிலால் எண்ணையும் எழுதிவையுங்கள். என்னிடம் வருகிறவர்களை எண் எழுதாமல் நான் வாசிக்கவே விடுவதில்லை, சிலருக்கு அது பிடிப்பதில்லை, பரவாயில்லை.

நூற்றுக்கணக்கான கார்டு படங்கள் போட்ட சார்ட்டை வாங்கிச் சுவரில் ஒட்டுவதும் இதே தவறின் இன்னொரு முகம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல செட் கம்பி வாங்குங்கள்.

மைனர் பாட்டில் ஐந்தாவது கார்டையும் மைனராகவே வைப்பது

நம் பாட்டுகளில் இது நிறைய நடக்கும். பாட்டு ஏ மைனரில் இருக்கிறது, ஐந்தாவது ஈ, மைனர் பாட்டுதானே என்று ஈ மைனர் போடுவார்கள். பாடுகிறவரின் குரலும் கிட்டாரும் ஒரு இடத்தில் உரசும், எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் ட்யூனிங் சரியில்லை என்று திருகிக்கொண்டே இருப்பார்கள்.

மெட்டு எந்த ராகத்தை ஒட்டிப் போகிறது என்று கேளுங்கள். நடபைரவியில் கைசிகி நிஷாதம், ஏ-யை ஆதார சுருதியாக வைத்தால் அது ஜி. ஈ மைனரில் இருப்பதும் ஜி, பொருந்தும். கீரவாணி என்றால் காகலி நிஷாதம், ஜி ஷார்ப். அங்கே ஈ மைனர் போட்டால் குரலில் ஜி ஷார்ப்பும் கிட்டாரில் ஜி-யும் பக்கத்துப் பக்கத்தில் நின்று மோதும், ஈ மேஜர் போட்டதும் எல்லாம் தெளிந்துவிடும். இரண்டு ராகத்துக்கும் இடையே வேறு வித்தியாசமே கிடையாது, நிஷாதம் ஒன்றுதான். சில பாட்டுகள் ஒரே பல்லவிக்குள் இரண்டு நிஷாதத்தையும் தொட்டுவிட்டு வரும், அப்போது வரிக்கு வரி காதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ராகப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வரியை மெதுவாகப் பாடிக்கொண்டே மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டையும் ஓப்பனையும் மாறி மாறித் தட்டிப் பாருங்கள். எது குரலோடு ஒட்டுகிறது என்று காதுக்கே தெரியும்.

ஆறாம் கம்பியையும் சேர்த்து அடிப்பது

டி மேஜரில் இருப்பவை டி, எஃப் ஷார்ப், ஏ. ஓப்பன் ஆறாம் கம்பி ஈ, அதற்கு இந்தக் கார்டில் வேலையே இல்லை, அதனால்தான் குழம்புகிறது. சி மேஜரில் ஈ உறுப்புதான், ஆனால் அடியில் சி-க்குப் பதில் ஈ வந்துவிடுவதால் கார்டு ஊன்றி நிற்காது. சில இடங்களில் அதுவே அழகாக இருக்கும். தெரிந்து செய்யுங்கள்.

பவர் கார்டை மேஜர் என்று எழுதிவைப்பது

பவர் கார்டு என்பது ச-வும் ப-வும் மட்டும், அதில் காந்தாரமே இல்லை. மேஜரும் கிடையாது, மைனரும் கிடையாது.

செவனும் மேஜர் செவனும் ஒன்று என்று நினைப்பது

ஜி மேஜரோடு நாலாவது ஸ்வரமாகச் சேர்வது ஜி செவனில் எஃப், ஜி மேஜர் செவனில் எஃப் ஷார்ப். சி ஸ்கேல் பாட்டில் முதலாவது சி-யை நோக்கி இழுக்கும், இரண்டாவது அந்த ஸ்கேலிலேயே இல்லை.

கேப்போ போட்டபின் வடிவத்தின் பெயரைச் சொல்வது

இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ, விரலில் சி வடிவம். கீபோர்டு வாசிப்பவர் என்ன ஸ்கேல் என்று கேட்கிறார், நீங்கள் சி என்கிறீர்கள். அவர் காதில் விழுவது டி. அவரிடம் டி என்று சொல்லுங்கள்.

எஃப் வராததால் எஃப் மேஜர் செவனிலேயே தங்கிவிடுவது

பாரே (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துவது) பிடிக்க வராதவர்கள் முதல் கம்பியை ஓப்பனாக விட்டு வாசிப்பார்கள். எஃப், ஏ, சி-யோடு ஒரு ஈ சேர்கிறது. பெரும்பாலான இடங்களில் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் பாடுகிறவர் எஃப்-இல் நீட்டி நிற்கும் இடத்தில் அந்த ஈ ஒரு ஃப்ரெட் தள்ளி நின்று அவரைத் தொந்தரவு செய்யும், பாவம் அவர் தன் சுருதிதான் விலகுகிறது என்று நினைத்துக்கொள்வார். இதற்கு பாரே வரும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. நாலாம் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், மூன்றாம் கம்பியில் இரண்டாவது, இரண்டாம் கம்பியில் முதலாவது. எஃப், ஏ, சி. மூன்று கம்பியை மட்டும் அடியுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். முழு எஃப் மேஜர் அதிலேயே இருக்கிறது.