தனியாக விட்டால் ஊளையிடும் நாய்க்கு எதையாவது வாங்கும் முன்

எங்கள் மணிக்கு மூன்று வயது, சிப்பிப்பாறைக் கலப்பு. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவன் நல்ல பிள்ளைதான், பக்கத்து வீட்டு ஆச்சியைத் தவிர. "நீ தெருமுக்கு திரும்புததுக்குள்ள ஊளையை ஆரம்பிச்சிருதான்யா, கேக்கச் சகிக்கல" என்று ஆச்சி சொன்ன அன்று இரவே போனை எடுத்து, நாயை அமைதியாக்கும் என்று போட்டிருந்ததை எல்லாம் ஆர்டர் செய்துவிட்டேன். முதல் தவறே அதுதான். நாய் என்ன செய்கிறது என்று பார்க்கவே இல்லை, பணம் மட்டும் போய்விட்டது.

பழைய போன் ஒன்றை அலமாரியில் சாய்த்துவைத்து வீடியோ எடுங்கள். தனிமைக்குப் பயப்படுகிற நாய் பெரும்பாலும் நாம் கிளம்பிய முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். மணி என் செருப்பைத் தொடவில்லை, வாசல் கதவை மட்டும் பிறாண்டினான், நிலைப்படியில் எச்சில் குளமாகக் கிடந்தது. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு அப்புறம் எழுந்து தலையணையைக் கிழிக்கிற நாய்க்குப் பொழுதுபோகவில்லை என்று அர்த்தம். அதற்குக் காலையில் இன்னும் கொஞ்சம் நடை போதும், மாத்திரை எதற்கு?

தின்பண்டம் அடைக்கும் ரப்பர் பொம்மையைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். நானும் உப்பில்லாத தயிர்ச்சோற்றை அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தேன். வீடியோவில் பார்த்தால் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மொத்தத்தையும் நக்கித் தீர்த்தான்! உச்சப் பயத்தில் இருக்கிற நாய்க்குச் சோறு இறங்காது. பொம்மை அப்படியே கிடந்தால், உங்கள் நாய் அதன் தாங்கும் அளவைத் தாண்டி விடப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் பிளக்கில் மாட்டினால் குப்பியில் இருப்பதை அறையில் பரப்பும் ஃபெரோமோன் டிஃப்யூசர் இருக்கிறதே, பால் கொடுக்கும் தாய் நாயிடமிருந்து வருகிற ஒரு வாசனைப் பொருளைப் போலச் செய்தது அது. சில நாய்களுக்குக் கொஞ்சம் உதவும், சிலவற்றுக்கு ஒன்றுமே தெரியாது. நான் அதை பீரோவுக்குப் பின்னால் இருந்த பிளக்கில் மாட்டி, ஜன்னலைத் திறந்து, ஃபேனையும் சுற்றவிட்டிருந்தேன். நாய் படுக்கிற அறையில், எதுவும் மறைக்காத இடத்தில் மாட்ட வேண்டும், ஒரு குப்பி சுமார் 30 நாள்தான் வரும். அதற்குப் பதில் வாசனை எண்ணெய் போதாதா என்று கேட்பவர்களுக்கு: டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு விஷம், அந்தப் பரிசோதனையே வேண்டாம்.

உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டை குளிர் ஊருக்குச் சரி. நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போன மத்தியானத்தில், யாருமில்லாத வீட்டில் அதைப் போட்டுவிட்டுப் போவது ஆபத்து. நாய் பெரும்பாலும் இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், பயந்த நாய் ஏற்கெனவே இரைத்துக்கொண்டிருக்கும். போடுவதானால் நீங்கள் வீட்டில் இருக்கும்போது போட்டுப் பழக்குங்கள்.

வாய்க்குள் போகிற விஷயம்தான் பெரிது. மனிதர்கள் தூக்கத்துக்குச் சாப்பிடும் மெலடோனின் கம்மிகள் (மெல்லுகிற மிட்டாய் மாதிரி மாத்திரை) சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். நாய்க்கு அது சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். "தூங்கினால் சரியாகிவிடும்" என்று கேட்டு வாங்குகிற சில மயக்க மாத்திரைகள் உடம்பைத்தான் கட்டிப்போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். ஃப்ளுவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் என்று இதற்கென்றே டாக்டர் எழுதும் மருந்துகள் உண்டு, ஆனால் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம்; பத்து நாளில் "வேலை செய்யல" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொன்று, உண்ணிக்கு அமிட்ராஸ் மருந்து போட்டுக் குளிப்பாட்டுகிறீர்களா, அல்லது அமிட்ராஸ் காலர் மாட்டியிருக்கிறீர்களா? அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த மருந்துகளோடு அது சேரக்கூடாது. திருநெல்வேலி பக்கத்து இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கும்போது, மருந்துக்கடை அண்ணாச்சியிடம் போய் இதைக் கேட்க வேண்டியதில்லை.

குரைத்தால் ஷாக் அடிக்கும் காலர் வேண்டவே வேண்டாம், பயந்த நாயை மேலும் பயமுறுத்தி என்ன கண்டோம். கூண்டும் அப்படித்தான்: அடைபட்ட பீதியில் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. ரேடியோ பரவாயில்லை, ஆனால் கிளம்பும்போது மட்டும் போட்டால் பாட்டு கேட்டாலே நாய்க்கு "போறாங்க" என்று புரிந்துவிடும், அதனால் நீங்கள் இருக்கும்போதும் ஓடட்டும்.

எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது கதவுதான். சாவியை எடுத்துவிட்டுத் திரும்ப உட்காருவது, படி இறங்கிப் பத்து வினாடியில் வருவது, அப்புறம் ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம், அவன் பயப்படத் தொடங்கும் முன்பே திரும்பிவிடுவது என்று மாதக்கணக்கில் செய்தோம். இதைச் செய்யும் நாட்களில் நாயை நெடுநேரம் தனியாக விடவே கூடாது, விட்டால் பழகியதெல்லாம் போச்சு. டிஃப்யூசர் இன்னும் மாட்டித்தான் இருக்கிறது, அதனால்தானா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்போது மணி நாற்பது நிமிஷம் இருக்கிறான். டவுனுக்குப் போய் வரிசையில் நின்று அல்வா வாங்கி வர அது பத்தாது. அந்த மாதிரி நாட்களில் அவன் ஆச்சி வீட்டுத் திண்ணையில் படுத்துக்கிடக்கிறான், ஆச்சிக்கும் இப்போது புகார் இல்லை.